ஸ்வாமியின் சிகரெட்

தமிழில் சாமியார்களின் சரித்திரங்களுக்குப் பஞ்சமில்லை. சாமியார்களுக்கும் பஞ்சமில்லை என்பது வேறு விஷயம். அந்தப் புஸ்தகங்களுக்குள்ளே ஒரு மனிதனைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. பிறப்பதற்கு முன்பே தாயார் கனவு காண்கிறாள். ஐந்து வயதில் மற்றப் பிள்ளைகள் கோலி விளையாடும்போது இவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இருபதில் வீட்டைத் துறக்கிறார். அதற்கப்புறம் நானூறாம் பக்கம் வரையில் புன்னகை புரிந்துகொண்டே இருக்கிறார். ஒரு நாளாவது அவருக்குப் பல் வலித்ததா, சாம்பாரில் உப்பு ஏறிவிட்டதென்று முகம் சுளித்தாரா, எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லையே என்று எரிந்து விழுந்தாரா என்றால், தெரியாது. எழுதிய சிஷ்யருக்குத் தெரியும். இருபது வருஷம் நிழலாகக் கூடவே இருந்தவர். ஆனால் சொல்ல மாட்டார். சொல்லாமலிருப்பதற்குப் பக்தி என்று பெயர் வைத்திருக்கிறார்.

அது பக்தியல்ல, அவநம்பிக்கை என்பது என் கட்சி. உள்ளபடி சொன்னால் குருவின் பெருமை நிற்காது என்று சிஷ்யரே உள்ளூரப் பயப்படுகிறார். நிற்கும் என்று நம்புகிறவன் எதற்காக மறைக்க வேண்டும்?

இதற்கு நேர்மாறாகச் செய்த ஒரு சிஷ்யரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் இந்துவாகப் பிறந்தவரல்ல, வெள்ளைக்காரர். கிறிஸ்டோபர் இஷர்வுட் என்ற ஆங்கில நாவலாசிரியர். 1904-இல் பிறந்தவர், 1939 ஜனவரியில் கவி ஆடனோடு கப்பலேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அந்த வருஷமே ஹாலிவுட்டில், சினிமாக்காரர்கள் நடுவில் வேதாந்தம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு வங்காளிச் சந்நியாசியைச் சந்தித்தார். அவர் ஸ்வாமி பிரபவானந்தர். 1893-இல் வங்காளத்தில் பிறந்து, இளவயதில் வெள்ளைக்காரனை விரட்டும் புரட்சிக்காரர்களோடு பழகி, பிறகு ராமகிருஷ்ணரின் நேர்ச் சிஷ்யரான பிரம்மானந்தரிடம் மனத்தைப் பறிகொடுத்து, 1914-இல் மடத்தில் சேர்ந்தவர். 1923-இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். ஹாலிவுட்டில் அவருக்கு இடம் கொடுத்த மூதாட்டி, 1900-இல் விவேகானந்தரைத் தம் வீட்டில் வைத்து உபசரித்த மூன்று சகோதரிகளில் ஒருவர். 1930-இல் அவர் வீட்டிலேயே வேதாந்த சங்கம் பிறந்தது. 1938-இல் ஒரு சின்னக் கோயிலும் எழுந்தது. ஆல்டஸ் ஹக்ஸ்லி அங்கே வந்து போனார். சோமர்செட் மாம் ‘ரேஸர்ஸ் எட்ஜ்’ என்ற நாவலின் தலைப்புக்கு ஆதாரமான கடோபநிஷத வரிக்கு இந்த ஸ்வாமியிடம்தான் விளக்கம் கேட்டார்.

ஸ்வாமி இறந்த பிறகு, 1980-இல், இஷர்வுட் ‘என் குருவும் அவருடைய சிஷ்யனும்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புஸ்தகம் எழுதினார். அதில் வரும் ஸ்வாமி குள்ளமானவர். விடாமல் சிகரெட் பிடிக்கிறவர். தேச அபிமானம் அவரை விட்டுப் போகவேயில்லை. இங்கிலீஷ்காரன் என்றால் உள்ளே ஒரு முள் குத்தும். கோபம் வரும், குழந்தை மாதிரி சந்தோஷமும் வரும். கெட்டிக்கார எழுத்தாளன் ஒருவன் கையில் கிடைத்திருக்கிறான், இவனை வைத்துக் கீதையை நல்ல இங்கிலீஷில் கொண்டுவந்துவிடலாம் என்ற கணக்கும் இருந்தது. கொண்டுவந்தும் விட்டார்: 1944-இல் கீதை, 1947-இல் விவேக சூடாமணி, 1953-இல் பதஞ்சலி சூத்திரம்.

சிஷ்யரோ இன்னும் மோசம். இஷர்வுட் ஆண்களிடமே காதல் கொண்டவர். முதல் சந்திப்புகளிலேயே அதை ஒளிக்காமல் ஸ்வாமியிடம் கேட்டுவிட்டார்: ஓர் இளைஞனோடு குடித்தனம் நடத்துகிறேன், எனக்கு இந்த வழி உண்டா? கேட்ட காலம் 1939 என்பதை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அதற்குச் சிறைத்தண்டனை இருந்த காலம். ஸ்வாமி அதிர்ச்சியடையவில்லை, சபிக்கவில்லை. அந்தப் பையனைப் பாலகிருஷ்ணனாகப் பார்க்க முயற்சி செய் என்றாராம். இந்தப் பதில் சரியா, தப்பா என்று பண்டிதர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது, இப்படிக் கேட்டவனும் இப்படிச் சொன்னவரும் அதற்கப்புறம் முப்பத்தேழு வருஷம் பிரியவில்லை என்பதுதான்.

1943-இல் இஷர்வுட் சந்நியாசியாகவே ஆகிவிடுவதென்று மடத்தில் போய்த் தங்கினார். முடியவில்லை. 1945-இல் வெளியேறினார். நம்முடைய சரித்திரக்காரர் இந்த இடத்தில் என்ன செய்திருப்பார்? இந்தச் சிஷ்யனின் பெயரையே அடித்துவிட்டிருப்பார். இல்லையென்றால் ‘ஸ்வாமிகள் ஞான திருஷ்டியால் முன்பே அறிந்து புன்னகைத்தார்’ என்று ஒரு வரியில் மூடியிருப்பார். இஷர்வுட் தோற்றதைத் தோல்வி என்றே எழுதுகிறார். ஸ்வாமி விட்டுவிடவில்லை என்பதையும் எழுதுகிறார். இந்த இரண்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால்தான் அந்த ஸ்வாமியின் அன்பை நான் நம்புகிறேன். வழுவாத சிஷ்யனிடம் அன்பாக இருப்பதற்குக் குரு எதற்கு? கடைக்கார முதலாளியே போதுமே!

இன்னொன்றும் உண்டு. இதே இஷர்வுட் 1965-இல் ராமகிருஷ்ணரையும் அவர் சிஷ்யர்களையும் பற்றி ஒரு பெரிய புஸ்தகம் எழுதியிருக்கிறார். அது அத்தியாயம் அத்தியாயமாகப் பேலூர் மடத்தின் பார்வைக்குப் போய்த் திரும்பி வந்த புஸ்தகம். தகவலில் குறையில்லை, நடை சுத்தமான நடை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், முதலாவதை எழுதியவர் இஸ்திரி போட்ட சட்டையில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரியும். இடையில், 1963 கடைசியில், விவேகானந்தர் நூற்றாண்டு விழாவுக்காக ஸ்வாமியோடு கல்கத்தா வந்தார். மேடை மேடையாகப் பக்தர் வேஷத்தில் பேசப் பேசப் பொறுக்கவில்லை. இனி மதத்தைப் பற்றிப் பொது மேடையில் பேசமாட்டேன் என்று ஸ்வாமியிடமே சொல்லிவிட்டார். கேட்ட ஸ்வாமிக்கு அது எளிதாக இருந்திருக்காது. இதையும் எழுதியிருக்கிறார். மேடைப் பக்தியை உதறியவர்தான் பிற்பாடு உண்மையான சித்திரத்தை எழுத முடிந்தது.

குறை சொல்ல வேண்டுமானால் எனக்கும் ஒன்று உண்டு. குருவைவிடச் சிஷ்யன் அதிகப் பக்கம் அடைத்துக்கொள்கிறான். டைரியிலிருந்து பெயர்த்தெடுத்த இடங்கள் பெயர்த்த மாதிரியே கிடக்கின்றன. போகட்டும்.

‘ஐயா, வெள்ளைக்காரன் வீட்டு அழுக்கை வீதியில் துவைப்பவன், நமக்கு அந்த வழக்கமில்லை’ என்று ஒரு பதில் தயாராக இருக்கும். அப்படியானால் நிவேதிதையை என்ன செய்வது? 1898-இல் கல்கத்தா வந்து, விவேகானந்தரிடம் தீட்சை பெற்ற ஐரிஷ்காரி. குருநாதர் மறைந்து எட்டு வருஷம் கழித்து, 1910-இல், தாம் கண்டபடி அவரை எழுதினார். தீட்சை பெற்ற பிறகு ஒரு நாள், நீ எந்தத் தேசத்தைச் சேர்ந்தவள் என்று கேட்ட குருவிடம், இங்கிலீஷ் கொடியின் மேல் தமக்கிருந்த விசுவாசத்தை ஆவேசமாகச் சொல்லி அவரைத் திகைக்க வைத்ததை மறைக்கவில்லை. அல்மோராவில் காலைப் பாடம் என்பது தினசரிச் சண்டையாகிவிட்டதையும், குரு தம்முடைய எண்ணங்களை ஒவ்வொன்றாக அடித்து நொறுக்கியதையும், தாம் தவித்ததையும் எழுதுகிறார். கடைசியில் கூட இருந்த ஒரு பெரியவள் ஸ்வாமியிடம் போய், இது கொஞ்சம் அதிகம் என்று பரிந்து பேசினாள். விவேகானந்தர், நீ சொல்வது சரி என்று ஒத்துக்கொண்டு, காட்டில் தனித்திருக்கப் போய்விட்டார். சிங்கம் என்று நாம் பொம்மை செய்து வைத்திருக்கிறோமே, அந்த மனிதர் ஒரு பெண்பிள்ளை சொன்னதைக் கேட்டுத் தம்மைத் திருத்திக்கொண்ட காட்சி இது. இதைவிடப் பெரிய பெருமையை எந்தப் பஜனைப் பாட்டு அவருக்குத் தந்திருக்கிறது?

எட்டயபுரத்துப் பாரதி இந்த நிவேதிதையைத்தான் தம் குரு என்றார். 1908-இல் வெளியிட்ட ‘ஸ்வதேச கீதங்க’ளை அவருக்கே சமர்ப்பணம் செய்தார். ஆகவே அந்நிய சரக்கு என்று தள்ளிவிட வழியில்லை.

சொந்தச் சரக்கும் இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி 1933-34-இல் இரண்டு பாகமாக எழுதினார். அவரும் சிஷ்யர்தான். அவருடைய குருபக்தியில் யாரும் குறை காண முடியாது. ஆனால் அந்தப் புஸ்தகத்தில் மகாவித்துவானின் கடன் இருக்கிறது, வறுமை இருக்கிறது, மடத்தை எதிர்பார்த்து வாழ்ந்த வாழ்க்கையின் சங்கடம் இருக்கிறது. படித்து முடித்தால் பிள்ளையவர்கள் நம் மனத்தில் குறைந்தா போகிறார்? இவ்வளவு கஷ்டத்திலும் இந்த மனிதர் லட்சம் பாட்டுக்கு மேல் பாடிக்கொண்டு, வந்த பிள்ளைகளுக்கெல்லாம் பாடமும் சொல்லிக்கொண்டிருந்தாரே என்று கை கூப்பத் தோன்றுகிறது.

இந்த வியாதி ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தமில்லை. எங்கள் சாயர்புரம் பெயரிலேயே ஒரு வெள்ளைக்காரர் இருக்கிறார். ஹாலிவுட்டுக்கு வங்காளிச் சந்நியாசி போன மாதிரி, அதற்கு எண்பது வருஷம் முன்னால், 1842-இல், ஜி.யு. போப் எங்கள் ஊருக்கு உபதேசிக்க வந்தார். கண்டிப்பான வாத்தியார் என்று பேர் எடுத்தவர். பிறகு குறளையும் திருவாசகத்தையும் இங்கிலீஷில் பெயர்த்தார். நாங்கள் சிறு வயதில் கேட்டு வளர்ந்த போப்புக்குக் கோபமே வராது. அதோடு, தம் கல்லறையில் ‘தமிழ் மாணவன்’ என்று பொறிக்கச் சொன்னார் என்ற கதையும் உண்டு; இன்றைக்கும் மேடையில் கண்ணீரோடு சொல்கிறார்கள். ஆக்ஸ்போர்டில் அவர் கல்லறை இருக்கிறது. கல்லில் அந்த வாசகம் இல்லை. தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்றும், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் போதித்தவர் என்றும் இருக்கிறது. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அன்போடு இந்தக் கல்லை வைத்தார்கள் என்றும் இருக்கிறது. 1908-இல் இறந்துபோன கிழவருக்காகக் கடல் கடந்து தமிழர்கள் கல் வைத்திருக்கிறார்கள்! அந்த உண்மையை விட்டுவிட்டு, இல்லாத வாசகத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சிப்பியைக் கரையில் குவித்து அழுக விடுவார்களாம். ஈயும் நாற்றமும் ஊரைத் தூக்கும். அப்புறம் அலசி முத்தை எடுப்பார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியவனுக்கு முத்து கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதெல்லாம் இலக்கிய ருசி பற்றிய சில்லறைச் சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். குறையற்ற குருவின் சித்திரம் இரண்டு விதத்தில் ஊரைக் கெடுக்கிறது. கோபமும் பசியும் ஆசையும் உள்ள சாதாரணப் பையன் ஒருவன் அதைப் படித்தால், இந்த வாழ்க்கை பிறவியிலேயே வேறு ஜாதியாகப் பிறந்தவர்களுக்குத்தான் என்று மூடி வைத்துவிடுகிறான். அதைவிடப் பெரிய கேடு இன்னொன்று. குரு என்றால் குறையே இருக்காது என்று நாற்பது புஸ்தகத்தில் படித்துப் பழகிய ஒரு பெண், தன் குரு செய்யக்கூடாத காரியம் செய்வதைக் கண்ணால் கண்டால் என்ன செய்வாள்? தன் கண்ணைச் சந்தேகிப்பாள். வெளியே சொன்னால் கூட இருக்கிறவர்கள் அவளைச் சந்தேகிப்பார்கள். சிகரெட் பிடிப்பது ஒரு பலவீனம். சிஷ்யையின் மேல் கை வைப்பது குற்றம். இரண்டையும் ஒரே திரை போட்டு மறைத்தால், எது பலவீனம், எது குற்றம் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கமே நமக்கு வராமல் போகிறது. கீழ்நாட்டிலும் மேல்நாட்டிலும் எத்தனையோ ஆசிரமங்களின் வழக்குகள் வருஷக்கணக்காகக் கழித்துத்தானே கோர்ட்டுக்கு வந்தன? அந்த இடைக்காலத்தில் அச்சான ஜீவிய சரித்திரங்களை எடுத்துப் பாருங்கள், அத்தனையிலும் புன்னகை.

பிரபவானந்தர் 1976 ஜூலை 4-ஆம் தேதி காலமானார். விவேகானந்தர் 1902-இல் மறைந்ததும் ஜூலை 4-தான். அமெரிக்காவின் இருநூறாவது சுதந்திர தினமும் அன்றுதான். நம் சரித்திரக்காரர் கையில் இது கிடைத்தால் ஒரு தனி அத்தியாயம் நிச்சயம்.

எங்கள் தாமிரபரணிக் கரைப் பத்தமடையில் பிறந்தவர்தான் ரிஷிகேசத்துச் சிவானந்தர். அவருடைய சிஷ்யர்கள் கடல் கடந்து போனார்கள். ஒருவர், கோயமுத்தூர்ப் பக்கத்துச் சச்சிதானந்தர், 1969-இல் உட்ஸ்டாக் சங்கீத விழாவில் லட்சக்கணக்கான பிள்ளைகள் முன்னால் மேடையேறித் துவக்கவுரை சொன்னார். இப்படிப் போன ஸ்வாமிகளுக்கு வெளிநாட்டில் சமைத்துப் போட்டவர்கள், கார் ஓட்டியவர்கள், கடிதம் டைப் அடித்தவர்கள் இன்னும் பலர் உயிரோடு இருப்பார்கள். அவர்களில் தமிழ் எழுதத் தெரிந்தவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஸ்வாமி எப்போது சிரித்தார், எப்போது சிடுசிடுத்தார், எந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் விழித்தார், யாரிடம் மன்னிப்புக் கேட்டார், யாரிடம் கேட்கவில்லை — எழுதி வையுங்கள். மடம் அச்சுப் போடாது, பாதகமில்லை. டைரியாகவே கிடக்கட்டும். இஷர்வுட்டின் குறிப்புகளும் நாற்பது வருஷம் டைரியாகத்தான் கிடந்தன.