கதிரறுக்க இயந்திரம், கழிவள்ளக் கையா?

தோழனே!

அறுவடைக் காலத்தில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில், முண்டியம்பாக்கத்தையும் விக்கிரவாண்டியையும் கடந்து போகையில், இருபுறமும் பார். வயலிலே இயந்திரம் இறங்கியிருக்கும். வரிசை வரிசையாய் ஆட்கள் குனிந்து, அரிவாள் பிடித்து, நாளெல்லாம் அறுத்த நெல்லை, அது நாழிகைக் கணக்கில் அறுத்து, அடித்து, வண்டியிலே கொட்டிவிட்டு நகரும்.

இயந்திரம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. குனிந்த முதுகு நிமிர்வது நமக்கு வேப்பங்காயா? நாம் கேட்பது வேறு. கூலியை மிச்சப்படுத்தும் இடத்துக்குக் குதித்தோடி வரும் இயந்திரம், உயிரை மிச்சப்படுத்தும் இடத்துக்கு மட்டும் ஊர்ந்து ஊர்ந்து வருவானேன்?

சாக்கடைக் குழியை எண்ணிப் பார்! அதன் அடியில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு தேங்கி நிற்கிறது. குறைவாக இருந்தால் அழுகிய முட்டையாய் நாறும். மிகுந்துவிட்டாலோ மோப்ப உணர்வையே முதலில் மாய்த்துவிடும். நாற்றமில்லை என்று நம்பி இறங்குவான் ஒருவன், சாய்வான். தூக்க இறங்குவான் தோழன், அவனும் சாய்வான். 2019 முதல் 2023 வரை ஐந்தாண்டுகளில் இப்படி 377 பேர் மாண்டனர். இது நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே காட்டிய கணக்கு!

சட்டம் இல்லையா? 1993-இல் ஒன்று, 2013-இல் ஒன்று. தீர்ப்பு இல்லையா? மாண்டவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்றது உச்ச நீதிமன்றம் 2014-இல்; முப்பது லட்சம் என்றது 2023-இல். இயந்திரம் இல்லையா? உறிஞ்சும் ஊர்தி உண்டு. நீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஊர்தி உண்டு. குழிக்குள் இறங்கும் இயந்திர மனிதனைக் கேரளத்து இளைஞர்கள் படைத்து, 2018-இல் திருவனந்தபுரத்தில் இறக்கியும் காட்டினர்.

எல்லாம் இருக்கிறது. பிறகு எது இல்லை? இறங்குகிறவன் இன்ன சாதிதானே என்கிற இளக்காரம் இன்னும் இறக்கவில்லை! சேரியிலே மலிவாகக் கை கிடைக்கும்வரை, செலவழித்து இயந்திரம் எதற்கென்று கணக்குப் போடுகிறான் ஒப்பந்தக்காரன். அந்தக் கணக்கைக் கிழித்தெறிவதுதான் நம் வேலை.

"இயந்திரம் வந்தால் அவன் பிழைப்புப் போகுமே" என்று கண்ணீர் வடிப்போர் உண்டு. மரணக் குழியையா பிழைப்பு என்பது? அவர்களுக்கு வரலாறு விடை சொல்லும். 1973-இல் கலைஞரின் அரசு கைரிக்சாவை ஒழித்தபோது, இழுத்தவனைத் தெருவில் விடவில்லை. சைக்கிள் ரிக்சாவைத் தந்தது. வண்டியிழுக்கும் மாடாக இருந்தவன், வண்டி ஓட்டும் மனிதனானான். அதற்கு 52 ஆண்டுகள் கழித்து, 2025-இல்தான், மராட்டியத்து மாதேரான் மலையூரில் கைரிக்சாவை ஆறு திங்களுக்குள் நிறுத்தி, இழுப்போருக்கு மின் ரிக்சா கிடைக்க வழிசெய்க என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தமிழகம் நடந்த பாதை தகுந்த பாதை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆகவே நம் முழக்கம் இரண்டு. குழிக்குள் மனிதன் இறங்கலாகாது. இயந்திரத்தின் சாவி, இதுவரை இறங்கியவன் கையிலே இருந்திடல் வேண்டும்! வயலுக்கும் இதுவே நீதி: அறுவடை இயந்திரம் கூட்டுறவின் சொத்தாகட்டும், அரிவாள் பிடித்த கைக்கு அதில் வேலையும் பங்கும் வரட்டும்.

விழுப்புரத்துத் தோழனே, திண்டிவனத்துத் தோழனே! உன் நகராட்சியின் வாயிலுக்குச் செல். ஊர்திகள் எத்தனை, ஓட்டுவோர் யார், ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது என்ன என்று கேள். ஆட்சியில் இருப்போர் எவராயினும் கேள். நம்மவர் என்றால் இன்னும் உரக்கக் கேள். உன் தெருவில் மூடியைத் திறந்து ஒருவனை இறக்க முற்பட்டால், குறுக்கே நில்! கூட்டத்தில் கைதட்டுவதைக் காட்டிலும் பெரிய கட்சிப்பணி அது.