கண் வீக்கத்தில் தொடங்கும் சிறுநீரக நோய்

காலையில் எழும்போது பிள்ளைக்குக் கண்ணைச் சுற்றி வீக்கம். சாயங்காலத்துக்குள் வடிந்துவிடும். ‘பூச்சி கடிச்சிருக்கும்’ என்று இரண்டு வாரம் போகும். பிறகு வயிறும் காலும் வீங்கி, சிறுநீர் சோப்புத் தண்ணீராக நுரைக்கும். ஆய்க்குடி, சாம்பவர் வடகரை பக்கம் வயல் வேலையிலும் பீடிச் சுற்றிலும் பிழைக்கும் குடும்பங்களில் ஒருநாள் கூலியை விட்டால்தான் ஆஸ்பத்திரி. அதனால் இந்த இரண்டு வாரம் நான்காவதும் உண்டு.

இதன் பெயர் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகிப் புரதம் கசிகிறது. நூற்றில் எண்பது பிள்ளைகளுக்குப் பிரட்னிசோலோன் மாத்திரையே கேட்கும். முதல் முறை ஏறத்தாழ 12 வாரம் கொடுக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். மாத்திரையால் முகம் உருண்டு, பசி கூடும். ‘வீக்கம் திரும்பிட்டு’ என்று பயந்து தாய் மாத்திரையை நிறுத்திவிடுகிறாள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து என்பதை மருந்துச் சீட்டு மட்டும் சொன்னால் போதாது. உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். பலருக்கு நோய் திரும்பவும் வரும். சிறுநீரில் நனைக்கும் சோதனைப் பட்டை மஞ்சளிலிருந்து பச்சையாக மாறுகிறதா என்று வீட்டிலேயே பார்த்தால், வீக்கம் வருமுன்பே தெரிந்துவிடும்.

இன்னொன்று சிரங்கிலிருந்து வருவது. தண்ணீர் பற்றாத, நெருக்கமான காலனி வீடுகளில் சொறியும் சிரங்கும் சுற்றிச் சுற்றி வரும். ஆறிய சில வாரங்களில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அது சிறுநீரக அழற்சி. ரத்த அழுத்தம் ஏறி வலிப்புகூட வரலாம். பிள்ளைகளுக்கு எதற்கு அழுத்தம் பார்ப்பது என்ற நினைப்பும், சின்னக் கைக்கு ஏற்ற பட்டை இல்லாததும் சேர்ந்து இதைத் தவறவிடுகின்றன. காலத்தில் கவனித்தால் பெரும்பாலோர் முழுசாகத் தேறிவிடுவர்.

1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கு ஆய்க்குடி தெரிந்த ஊர். முதுகெலும்புக் குறையோடு பிறந்த பிள்ளை நடக்குமா என்றுதான் பெற்றோர் கேட்பார்கள். நரம்பு கெட்டால் சிறுநீர்ப்பையும் சரியாகக் காலியாவதில்லை. தேங்கிய நீர் மேலேறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தினம் சில வேளை குழாய் வைத்து எடுக்கப் பழகினால் அதைத் தடுக்கலாம்.

2013-ல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டம் 30 குறைபாடுகளைப் பட்டியலிட்டது. தோல் நோயும் முதுகெலும்புக் குறையும் அதில் உண்டு. இரண்டும் போய்ச் சேரும் சிறுநீரகத்துக்குத் தனி இடம் இல்லை. ஜப்பான் 1974 முதல் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருடைய சிறுநீரையும் சோதிக்கிறது. அத்தனை பேருக்கும் செய்வது செலவுக்குத் தகுமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சிரங்கு வந்தவர்கள், முகம் வீங்கியவர்கள் ஆகியோருக்காவது பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு செய்யலாமே.

சிறுநீரகம் செயலிழந்தால் முதல்வர் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. குடும்ப வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், சான்று வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது வயிற்றுவழி டயாலிசிஸ். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதைச் செய்யத் தூசில்லாத ஓர் இடம், கை கழுவத் தண்ணீர், பைகளை அடுக்க ஒரு மூலை வேண்டும். அடுப்பும் படுக்கையும் ஒரே அறையில் இருக்கும் வீட்டுக்கு அந்தப் பைகள் வந்தால் எங்கே வைப்பது? வீடு கட்டும் திட்டங்களில் இப்படிப் பிள்ளை இருக்கும் குடும்பத்துக்கு முன்னுரிமை தரச் சொல்லி, வரும் கிராம சபைகளில் மனு கொடுக்கலாம். பேரூராட்சி என்றால் செயல் அலுவலரிடம்.