நம்பிக்கை முதலில் யார் வைப்பது?

தொழிற்சாலைகளிலும் ஆபீசுகளிலும் எஜமானர்களாயிருப்பவர்கள் கூடிப்பேசும் இடங்களிலெல்லாம் ஒரே புலம்பலைத்தான் கேட்கின்றோம். அதாவது, "ஆட்களிடத்தில் விசுவாசமில்லை, முதுகைத் திருப்பினால் வேலை நின்றுவிடுகிறது, கொஞ்சம் அசந்தால் சாமான் போய்விடுகிறது" என்பதேயாகும். இதற்குப் பரிகாரமாக வாசலில் சோதனை, சுவரில் காமிரா, விரல் ரேகைப் பதிவு, மேஸ்திரிக்கு மேல் ஒரு மேஸ்திரி என்று காவலைப் பெருக்கிக் கொண்டே போகின்றார்கள். ஆனால் தொழிலாளி தங்களை ஏன் நம்பவேண்டும் என்று ஒரு தடவையாவது தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்கின்றோம். விசுவாசம் என்பது கீழே உள்ளவன் மேலே உள்ளவனுக்குக் கட்டவேண்டிய வரி என்றே இவர்கள் எண்ணிக்கொண்டிருக்கின்றார்கள்.

நாம் சொல்லுவது இதற்கு நேர்மாறானதாகும். எவன் கையில் சம்பளமும் தண்டனையும் இருக்கின்றனவோ அவன்தான் முதலில் நம்பிக்கை வைக்க வேண்டும். அதுவும் தனக்கு நஷ்டம் வந்தாலும் வரட்டும் என்று வைக்கவேண்டும். இது வெறும் வேதாந்தப் பேச்சல்ல. இருநூறு வருஷங்களுக்கு முன்பே ஒரு பஞ்சாலையில் நடத்திக் காட்டப்பட்ட சங்கதியேயாகும்.

ஸ்காட்லாந்து தேசத்தில் கிளைட் ஆற்றங்கரையிலுள்ள நியூ லானார்க் என்னும் ஊரின் நூல் ஆலைகளை 1800-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் ராபர்ட் ஓவன் என்பவர் நிர்வகிக்க வந்தார். அப்போது அவருக்கு வயது 28. வேல்ஸ் நாட்டில் குதிரைச் சேணம் செய்யும் ஒருவரின் மகன். பத்து வயதிலேயே துணிக்கடை வேலைக்குப் போனவர். ஊரில் ஏறக்குறைய 2,000 பேர். அதில் சுமார் 500 பேர் தர்ம விடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட ஏழைக் குழந்தைகள். குடியும் திருட்டும் மலிந்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஜனங்களோ, எங்கிருந்தோ வந்த அன்னியன் நம்மிடம் இன்னும் அதிகமாய்க் கசக்க வந்திருக்கிறான் என்று அவரை வெறுத்தார்கள்.

வேறொரு முதலாளியாயிருந்தால், "இதுகளின் பிறவிக்குணம், தலையெழுத்து" என்று சொல்லிவிட்டுப் போலீசைக் கூப்பிட்டிருப்பான். ஓவனுடைய அபிப்பிராயம் வேறு. மனிதனுடைய குணம் அவனாகச் செய்துகொண்டதல்ல, அவனைச் சுற்றியுள்ள நிலைமை செய்தது, ஆதலால் நிலைமையை மாற்று என்பதுதான் அவருடைய வாதம். கடைக்காரர்கள் மட்டமான சாமானைக் கடனுக்கு அதிக விலை வைத்து விற்றுக்கொண்டிருந்த ஊரில், நல்ல சாமானை மொத்தமாய் வாங்கி ஏறக்குறைய வாங்கின விலைக்கே கொடுக்கும் கடை ஒன்றை வைத்தார். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆலையில் சேர்ப்பதை நிறுத்தினார்.

அப்படியும் ஜனங்கள் நம்பிவிடவில்லை. ஏன் நம்பவேண்டும்? மாட்டுக்குப் புண்ணாக்கு வைப்பதும் பாலுக்காகத்தானே!

சில வருஷங்களில் அமெரிக்க சர்க்கார் பஞ்சை வெளியே அனுப்பக்கூடாதென்று தடை போட்டது. பஞ்சு விலை ஏறிற்று. ஆலைக்காரர்கள் பலர் கதவை மூடி ஆட்களைத் தெருவில் விட்டார்கள். ஓவனும் இயந்திரத்தை நிறுத்தினார். ஆனால் ஒருவரையும் அனுப்பவில்லை. இயந்திரங்களைத் துடைத்துச் சுத்தமாய் வைத்துக்கொண்டிருந்தால் போதுமென்று சொல்லி, நாலு மாதம் முழுச் சம்பளமும் ஒரு காசு குறையாமல் கொடுத்தார். இதற்கு 7,000 பவுனுக்கு மேல் செலவாயிற்றென்றும், அதன் பிறகுதான் ஜனங்கள் தம்மை முழுதும் நம்பினார்கள் என்றும் தம் சுயசரிதத்தில் எழுதுகிறார். நூல் ஓடாத நாலு மாதத்தில் கிடைத்த நம்பிக்கை, நூல் ஓடிய வருஷங்களிலெல்லாம் கிடைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகின்றோம். இன்று "நீங்களெல்லாம் எங்கள் குடும்பம்" என்று ஆண்டு விழாவில் பேசிவிட்டு, வியாபாரம் சற்று மந்தமானவுடன் குடும்பத்தில் பாதிப்பேரை வெளியே தள்ளுகிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்கட்டும்.

நிற்க, ஓவனிடத்தில் நமக்குப் பிடிக்காததும் உண்டு. ஒவ்வொரு தொழிலாளியின் பக்கத்திலும் நாலு பக்கமும் நாலு வர்ணமுள்ள ஒரு சிறு மரக்கட்டையைத் தொங்கவிட்டார். நேற்றைய நடத்தை மோசமென்றால் கறுப்பு, சுமாரென்றால் நீலம், நல்லதென்றால் மஞ்சள், மிக நல்லதென்றால் வெள்ளை. அடியும் வசவும் ஒழிந்தன என்பது வாஸ்தவந்தான். மேற்பார்வைக்காரன் தவறாய் வர்ணம் போட்டால் ஓவனிடமே நேரில் போய் முறையிடலாம் என்ற விதியும் இருந்தது. இந்தக் காலத்துக் காமிராவிடம் யார் போய் முறையிடுவது? ஆனாலும் எஜமானின் பக்கத்தில் ஒரு கட்டையும் தொங்கவில்லை. அவர் நேற்று எப்படி நடந்துகொண்டார் என்பதற்குத் தொழிலாளி வர்ணம் போட வழியில்லை.

கூட்டாளிகளோ ஓவனின் செலவுகளைப் பொறுக்கவில்லை. 1813-ல் ஆலை ஏலத்துக்கு வந்தது. ஜெரமி பெந்தாம் முதலிய புதுப் பங்குதாரர்களைச் சேர்த்துக்கொண்டு ஓவனே 1,14,100 பவுனுக்கு எடுத்தார். சேதி தெரிந்ததும் ஊர் ஜனங்கள் வீடுகளில் விளக்கேற்றி, அவருடைய வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்துப் போனார்கள். 1816-ல் பார்லிமெண்டு கமிட்டியின் முன் ஓவன் சாட்சி சொன்னபோது, தம் ஆலையில் சாப்பாட்டு நேரம் போகத் தினம் பத்தேமுக்கால் மணி நேரமே வேலை என்றும், லாபம் கெட்டுப்போகவில்லை என்றும் சொன்னார். மற்ற ஆலைக்காரர்கள் கேட்டார்களா? 1819-ல் சட்டம் வந்தபோது, அவர் கேட்ட பத்து வயது ஒன்பதாய்க் குறைந்தது. ஆலையைப் போய்ப் பார்க்கச் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் நியமிக்கப்பட்டதோ 1833-ம் வருஷத்துச் சட்டத்தில்தான்.

பிறகு கூட்டாளிகளோடு, முக்கியமாய் மத விஷயத்தில், மனஸ்தாபம் முற்றி, 1828-ல் அவர் ஆலைத் தொடர்பை அடியோடு விட்டுவிட்டார். வண்டியிழுத்த அந்த ஜனங்களை, இனி உங்களுக்கு எஜமானாய் யார் வரலாம் என்று கேட்பதற்கு மட்டும், அவ்வளவு நல்ல ஆலையிலும் ஓர் ஏற்பாடு இல்லாமற்போயிற்று.