கையில் தொழில், பையில் சான்றிதழ்

மே மாதம் பிறந்து பத்தாவது ரிசல்ட் வந்துவிட்டால் போதும், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். "உன் பையன் எவ்வளவு மார்க்கு?" "எந்த குரூப் எடுக்கப் போறான்?" நானூறைத் தாண்டிய பிள்ளையின் அம்மா வாய் கொள்ளாமல் சிரிப்பாள். மார்க்கு குறைந்த பிள்ளையின் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் கடைசியில் போய் நிற்பாள். ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று யாராவது ஒருத்தி, "படிப்பு ஏறலைன்னா இன்னாம்மா, ஐ.டி.ஐ.யில தள்ளி விட்டுடு" என்பாள்.

அந்தத் "தள்ளி விடு"தான் எனக்குப் பொறுக்கவில்லை. வேண்டாத சாமானைப் பரணில் தள்ளுகிற மாதிரி பிள்ளையைத் தள்ளலாமா? தொழில் படிப்பு என்பது மற்ற எல்லாக் கதவும் சாத்திய பிறகு தேடுகிற கொல்லை வாசல் அல்ல. அதுவும் நம்மைப் போல ஆலைகளுக்கு நடுவே குடியிருக்கிறவர்களுக்கு, விவரம் தெரிந்து நுழைந்தால் அதுவே தலைவாசல்.

நம் பக்கத்தில் ஆலைக்குப் பஞ்சமில்லை. 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கியதுதான் பிற்பாடு அசோக் லேலண்ட் ஆயிற்று. 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் வந்தது. 1969-ல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, 2001-ல் எண்ணூர்த் துறைமுகம். ஆலைச் சங்கு ஊதுகிற நேரம் பார்த்தே உலை வைத்த குடும்பங்கள் நாம். ஆனால் அந்த வாசல்களுக்குள் நம் தெருப் பிள்ளைகள் எப்படிப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

எங்கள் தெருவில் ஒரு பிள்ளை. ப்ளஸ் டூவில் ஒரு பாடம் போயிற்று. மறு வாரமே ஒரு கான்ட்ராக்டர் பின்னால் போய்விட்டான். ஆறு வருஷமாக வெல்டிங் வேலை செய்கிறான். அவன் போடும் ஒட்டைப் பார்த்து மேஸ்திரியே மெச்சுகிறார். ஆனால் கழுத்தில் தொங்குகிற அட்டையில் இன்றைக்கும் "ஹெல்பர்" என்றுதான் போட்டிருக்கிறது. சம்பளமும் ஹெல்பர் சம்பளம்தான். அவனுக்கு ரெண்டு வருஷம் பிந்தி அதே வாசலில் நுழைந்த இன்னொரு பிள்ளை, ஐ.டி.ஐ. முடித்தவன், வெல்டர் என்றே பதிவாகி வேலை பார்க்கிறான். கைத்திறமை ரெண்டு பேருக்கும் ஒன்றுதான். காகிதம்தான் வேறு.

ஆலையே நிரந்தரம் என்றும் நம்புவதற்கில்லை. பெரம்பூர் பின்னி மில்லை 1996-ல் மூடினார்கள். 1970-ல் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017-ல் நிறுத்தினார்கள். திருவொற்றியூர் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை போயே போய்விட்டது. 2021-ல் வந்த மெட்ரோ ஸ்டேஷனில் பெயர் மட்டும் நிற்கிறது. ஆலை மூடினால் ஹெல்பர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சான்றிதழ் உள்ள பிட்டரோ எலெக்ட்ரீஷியனோ அதை எடுத்துக்கொண்டு ஓரகடமோ ஒசூரோ போய் நிற்கலாம். ஆகவே தாய்மார்கள் பார்க்க வேண்டியது, பிள்ளை எந்த ஆலைக்குள் நுழைகிறான் என்பதை அல்ல. எந்தச் சான்றிதழோடு வெளியே வருகிறான் என்பதைத்தான்.

அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது. 1978-ல் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ வந்தபோதே தொழிற்பிரிவும் கூடவே வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த மால்கம் ஆதிசேஷையா தலைமையில் மத்திய அரசு அமைத்த குழுவும், மேல்நிலைப் படிப்பில் கைவேலைக்கு உரிய இடம் வேண்டும் என்று அதே வருஷம் அறிக்கை கொடுத்தது. அடிப்படை இயந்திரவியல், மின் பொறியியல், தானியங்கி ஊர்திப் பொறியியல், செவிலியம், ஆடை வடிவமைப்பு, அலுவலக மேலாண்மை என்று பல பிரிவுகள் உண்டு. ஆனால் பெயரைப் பார்த்து மட்டும் சேர்த்துவிடாதீர்கள். ஆசிரியர் ஓய்வு பெற்ற இடம் நிரப்பப்படாமல் பிரிவே படுத்துவிட்ட பள்ளிகளும் உண்டு. நேரில் போய் ஒர்க்‌ஷாப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மிஷினில் எண்ணெய் இருக்கிறதா, ஒட்டடை இருக்கிறதா என்று பார்க்க நமக்குப் படிப்பா வேண்டும்? அடுக்களையைப் பார்த்தே வீட்டை எடை போடுகிற கண் போதும். இன்னொன்று: இந்தப் பிரிவை முடித்தவுடன் ஆலை வேலை என்று கணக்குப் போடக் கூடாது. இது மேலே போவதற்கு ஒரு படி. பாலிடெக்னிக்கில் நேரே ரெண்டாம் வருஷம் சேரலாம், பி.இ. கவுன்சலிங்கிலும் தொழிற்பிரிவுக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது.

ரெண்டாவது வழி, ஐ.டி.ஐ. நமக்குப் பக்கத்திலேயே மின்ட்டில் வட சென்னை அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, ஆர்.கே. நகரில் ஒன்று, கொஞ்சம் தள்ளி அம்பத்தூரில் ஒன்று. பிட்டர், டர்னர், எலெக்ட்ரீஷியன் மாதிரிப் பிரிவுகளுக்குப் பத்தாவது பாஸ் வேண்டும். படிப்பு ரெண்டு வருஷம். வெல்டர், ஒயர்மேன் பிரிவுகளில் எட்டாவது முடித்தவர்களும் சேரலாம். வெல்டருக்கு ஒரே வருஷம்தான். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. 6-ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் தர ஏற்பாடு செய்தார்கள், ஐ.டி.ஐ. படிப்புக்கும் அது பொருந்தும். உங்கள் பிள்ளைக்கு உண்டா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

"பழைய காலத்து லேத்தை வைத்துக்கொண்டு என்ன கற்றுத் தருவார்கள்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2022-ல் டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு அரசு ஒப்பந்தம் போட்டு, 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் ரோபோ, மின்சார வண்டி, கம்ப்யூட்டரால் ஓடும் மிஷின் என்று புதுப் பயிற்சிக் கூடங்களைக் கொண்டுவந்தார்கள். நீங்கள் பார்க்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தனியார் இடம் என்றால் மட்டும் ரெண்டு தடவை யோசியுங்கள். "ஆறே மாதத்தில் சர்டிபிகேட், உடனே வெளிநாட்டு வேலை" என்று போர்டு மாட்டியவர்கள் ஏராளம். படிப்பு முடிவில் கையில் வர வேண்டியது, அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதி வாங்குகிற தேசிய தொழிற் சான்றிதழ். "அது கிடைக்குமா?" என்று நேருக்கு நேர் கேளுங்கள். பதிலில் வழவழா கொழகொழா தெரிந்தால் பணத்தை முடிச்சிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள்.

மூன்றாவது வழி, அப்ரண்டீஸ், அதாவது தொழில் பழகுநர். இதற்கென்று 1961-லேயே சட்டம் வந்தாயிற்று. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் கட்டாயம் பழகுநர்களை எடுத்தாக வேண்டும். ஐ.டி.ஐ. முடித்து ஒரு வருஷம் அப்ரண்டீஸ் பார்த்தால் ரெண்டாவது சான்றிதழும் சேர்ந்துவிடும். ஆலைக்காரர்கள் ஆள் எடுக்கும்போது அதற்குத் தனி மதிப்பு. மணலி சுத்திகரிப்பு ஆலையும் பழகுநர்களை எடுக்கிறது. 1955-ல் தொடங்கிய பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் ஐ.டி.ஐ. முடித்தவர்களோடு, பத்தாவது மட்டும் பாஸ் செய்தவர்களையும் மார்க்கு அடிப்படையில் எடுத்துப் பயிற்சி தருகிறார்கள். வந்தே பாரத் ரயில் பிறந்த இடம் அது! ரயில்வேயின் கடைநிலைப் பணிகளில் 20 சதவீதம், ரயில்வேயில் பயிற்சி முடித்த பழகுநர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் பரீட்சை எழுதத்தான் வேண்டும். அப்ரண்டீஸ் பார்த்தால் அங்கேயே வேலை நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

பிள்ளையை அப்ரண்டீஸ் என்று சொல்லி யாராவது கூப்பிட்டால், வீட்டில் இருக்கிற நாம் நாலு விஷயம் கேட்க வேண்டும்.

ஒன்று, ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, அரசாங்கத்தில் பதிவாகிறதா? வாய் வார்த்தை போதாது. 18 வயது நிரம்பாத பிள்ளைக்குப் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும். படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ரெண்டு, உதவித்தொகை எவ்வளவு, எப்படி வரும்? 2019 விதிப்படி பத்தாவது முடித்தவருக்கு மாதம் 6,000, ப்ளஸ் டூ அல்லது ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000 என்று குறைந்தபட்சம் வைத்தார்கள். அதை 36 சதவீதம் கூட்டும்படி 2025-ல் பரிந்துரை வந்தது. சேருகிற சமயத்தில் என்ன தொகை என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பிள்ளை பெயரில் பாங்க் கணக்கு இருக்கட்டும்.

மூன்று, என்ன வேலை கற்றுத் தருவார்கள்? மூட்டை தூக்குவதும் பெருக்குவதும் டீ வாங்கி வருவதும் தொழிற்பயிற்சி ஆகாது. தினம் ராத்திரி சாப்பாடு போடும்போது, "இன்னிக்கு என்னப்பா கத்துக்கிட்டே?" என்று கேளுங்கள். ஒரு மாதம் போயும் பதிலே வராவிட்டால், அந்த இடத்தில் கூலிக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று அர்த்தம்.

நாலு, அடிபட்டால் யார் பொறுப்பு? வேலையில் காயம் பட்டால் பழகுநருக்கும் நஷ்ட ஈடு கொடுக்க முதலாளி கடமைப்பட்டவர். ஓவர்டைம் என்று சொல்லி அவர் இஷ்டத்துக்குப் பிள்ளையை நிறுத்திக்கொள்ளவும் முடியாது. அதற்குப் பயிற்சி அதிகாரியின் அனுமதி வேண்டும். ஆபத்தான தொழில் என்றால் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

ஆபத்து என்றதும் உடம்பு விஷயத்துக்கு வருவோம். 2023 டிசம்பரில் எண்ணூர்ப் பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்து, ராத்திரியோடு ராத்திரியாக ஜனங்கள் வீட்டை விட்டு ஓடியதை நாம் மறந்திருக்க மாட்டோம். வாடை வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது, எந்தக் குழாயில் என்ன போகிறது என்று தெரிந்துகொள்வதும் பயிற்சிதான். வெல்டிங் பயிலும் பிள்ளை கண்ணாடி போடாமல் ஒரு நிமிஷம் தீப்பொறியைப் பார்த்தால்கூட ராத்திரி கண்ணில் மணல் கொட்டிய மாதிரி எரியும். அப்போது எண்ணெய், தாய்ப்பால் என்று கைவைத்தியம் செய்துகொண்டிராமல் கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். காலில் செருப்போடு அனுப்பாதீர்கள், பூட்ஸ் வேண்டும். மிஷின் பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்குத் தொளதொள சட்டையும் கையில் கயிறும் கூடாது; பெண்ணாக இருந்தால் துப்பட்டா வேண்டாம், பின்னலைச் சுருட்டிக் கட்ட வேண்டும். உலைச் சூட்டில் நிற்கிறவனுக்குக் காலையில் வெறும் டீ போதாது. கேழ்வரகுக் கூழோ பழைய சோறும் மோருமோ வயிறு நிறையப் போட்டு, ஒரு பெரிய பாட்டில் தண்ணீரும் கொடுத்து அனுப்புங்கள். பெரும்பாலான விரல்கள் போவது தூக்கக் கலக்கத்தில்தான் என்று எங்கள் பக்கத்துப் பழைய தொழிலாளிகள் சொல்வார்கள். ஆகவே ராத்திரி செல்போனை வாங்கி வைப்பதும் நம் வேலைதான்.

பெண்ணைப் பெற்றவர்கள், "இதெல்லாம் பையன்களுக்கு" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஐ.டி.ஐ.யில் ஆண்களுக்கு 40 வயது வரை என்று வரம்பு வைத்த நம் அரசு, பெண்களுக்கு மேல் வரம்பே வைக்கவில்லை. தையலும் கம்ப்யூட்டரும் மட்டும்தான் பெண்ணுக்கு என்று யார் எழுதி வைத்தார்கள்? மிக்ஸி பழுதானால் ஸ்குரூ டிரைவர் எடுக்கிற பெண் எலெக்ட்ரீஷியன் படித்தால் என்ன குறைந்துவிடும்?

"அப்போ பெரிய படிப்புக்கு வழியே இல்லையா?" என்று கேட்கலாம். ஏன் இல்லை? ஐ.டி.ஐ. முடித்தவன் டிப்ளமோவில் ரெண்டாம் வருஷம் சேரலாம். டிப்ளமோ முடித்தவன் பி.இ.யில் ரெண்டாம் வருஷம் சேரலாம். பத்தாவதுக்குப் பிறகு ரெண்டு வருஷ ஐ.டி.ஐ. படித்தவன் தமிழ், ஆங்கிலம் ரெண்டு தாள் மட்டும் எழுதி ப்ளஸ் டூவுக்குச் சமமான சான்று வாங்கவும் வழி செய்திருக்கிறார்கள். ஜெர்மனியில் 1969-லேயே சட்டம் போட்டு, வாரத்தில் சில நாள் ஆலையிலும் சில நாள் பள்ளியிலுமாகப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். அங்கே யாரும் அதைப் "படிப்பு ஏறாதவன் போகிற இடம்" என்று சொல்வதில்லை.

ஏற்கெனவே கான்ட்ராக்டில் போய்விட்ட பிள்ளைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போனது போகட்டும் என்று விட்டுவிட வேண்டாம். வேலை அனுபவம் உள்ளவர்கள் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதலாம். அதற்கான அறிவிப்பு வரும். வயது, அனுபவம் எல்லாம் எவ்வளவு வேண்டும் என்று அரசு ஐ.டி.ஐ.யில் கேட்டால் சொல்வார்கள். எங்கள் தெரு ஹெல்பர் பிள்ளையின் அம்மாவிடம் இதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

ரிசல்ட் வந்த வாரத்திலேயே ஒரு நாள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, மார்க்கு ஷீட், டி.சி., சாதிச் சான்று, ஆதார், போட்டோ எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அரசு ஐ.டி.ஐ. வாசலுக்குப் போய்விடுங்கள். விண்ணப்பம் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும் என்றாலும், போடுவதற்கு உதவி அங்கேயே கிடைக்கும். நல்ல பிரிவுகள் சீக்கிரம் நிரம்பிவிடும். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்கிற அப்பாக்களுக்கு அன்றைக்கு மட்டும் காப்பியைக் கொஞ்சம் தாமதமாகக் கொடுத்தால் போதும், தானே புறப்பட்டு வருவார்கள்!