ரத்தம் கொடுப்பவர் எண் ஊருக்கே தெரிய வேண்டுமா?

என் அக்கா ஒரு ரத்ததான வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார். குழுவில் இருந்த அனைவருக்கும் அவரது கைபேசி எண் தெரிந்தது. மறுவாரமே முன்பின் தெரியாதவர்களிடமிருந்து இரவில் அழைப்புகள்! குழுவை விட்டு விலகிவிட்டார். நஷ்டம் யாருக்கு? நல்ல கொடையாளர் ஒருவரை இழந்த அந்த அமைப்புக்குத்தான்.

சேவை அமைப்புகள் இதற்குக் குழுவை விட்டு, 2023 செப்டம்பரில் இந்தியாவில் அறிமுகமான வாட்ஸ்அப் சேனலுக்கு மாறுவதே நல்லது என்பது என் கருத்து. சேனலில் சேருபவரின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது. உங்கள் வீட்டுக் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்தே சேனலைத் தொடங்கலாம்.

ஆனால் தொடங்கினால் மட்டும் போதாது. காலை வணக்கப் படங்களையும் பொன்னாடை போர்த்தும் புகைப்படங்களையும் போட்டு நிரப்பினால் யாரும் படிக்கமாட்டார்கள். தேவை வரும்போது மட்டும் எழுதுங்கள். ரத்தப் பிரிவு, மருத்துவமனை, தேதி, அமைப்பின் தொடர்பு எண் ஆகிய நான்கும் கட்டாயம் இருக்கட்டும். தேதியில்லாத வேண்டுகோள் மாதக்கணக்கில் சுற்றும். நோயாளி வீடு திரும்பிய பிறகும் தொலைபேசி ஒலிக்கும். ரத்தம் கிடைத்தவுடன் அதையும் சேனலில் தெரிவியுங்கள். சேருபவர்களிடம் மணிச் சின்னத்தை அழுத்தி அறிவிப்பை இயக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவசரச் செய்தி கண்ணில் படாமலே போகலாம்.

கொடையாளர்களின் பெயர், எண், கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி ஆகியவை எக்செல் பட்டியலாக அமைப்பிடம் மட்டும் இருக்கட்டும். ஆண்கள் 3 மாதமும் பெண்கள் 4 மாதமும் கழித்தே மீண்டும் கொடுக்கலாம் என்பதால் இந்தத் தேதி மிக முக்கியம்.

ரத்தம் கொடுக்க முன்வருபவர் தன் எண்ணையும் சேர்த்துத் தானம் செய்ய வேண்டியதில்லை.