சுவரின் வில்லங்கம்

வீடு வாங்கப் போகிறவன் முதலில் எதைப் பார்க்கிறான்? வில்லங்கம் பார்க்கிறான். மூலப்பத்திரம் உண்டா, பட்டா எவர் பேரில், அடமானம் கிடக்கிறதா, பங்காளி வழக்கு ஏதும் உண்டா என்று துருவித் துருவிக் கேட்கிறான். கேட்க வேண்டியதுதான். ஆனால், தோழர்களே, காகிதத்தின் வில்லங்கத்தைக் காட்ட ஓர் அலுவலகம் வைத்திருக்கும் இந்நாட்டில், சுவரின் வில்லங்கத்தைக் காட்ட என்ன ஏற்பாடு இருக்கிறது? சுவருக்குள் ஓதம் ஏறியிருக்கிறதா, அலமாரிக்குப் பின்னால் பூசணம் படர்ந்திருக்கிறதா என்று எவரும் எழுதித் தருவதில்லை. கிரயம் முடிந்த பிறகு வருகிற ஐப்பசி மழைதான் அந்தச் சான்றை வழங்குகிறது!

கோவில்பட்டியிலும் எட்டயபுரத்திலும் விளாத்திகுளத்திலும் வாழ்வோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்த் தோழர்களுக்காகச் சொல்கிறேன். கரிசல் மண் நீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் காலை விழுங்கும் அளவுக்கு வாய் பிளந்து கிடக்கும் நிலம், மழை விழுந்த சில நாளில் உப்பிப் பிளவை மூடிக்கொள்ளும். பருத்திக்கு நெடுநாள் ஈரம் காத்துத் தரும் அதே குணம், மேலே நிற்கும் வீட்டை ஆண்டுதோறும் தூக்கித் தூக்கி இறக்குகிறது. சுவர் வெடிக்கிறது, வெடிப்பில் மழைநீர் இறங்குகிறது, அடியிலிருந்து ஓதம் ஏறுகிறது, காரை பொரிந்து உதிர்கிறது, இருண்ட மூலையில் பூசணம் கரும்புள்ளி வைக்கிறது. வறண்ட பூமியில் ஓதமா என்று சிரிப்பவர்கள் கார்த்திகையில் ஒருமுறை வந்து தங்கிப் பார்க்கட்டும்.

மருந்து இல்லாத நோயன்று இது. மண்ணின் ஈரம் மாறாத ஆழம்வரை இறங்கி, அடியில் குமிழ்போல் அகன்று நிற்கும் தூண் அஸ்திவாரத்தை ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் எப்போதோ வகுத்துக் கொடுத்துவிட்டது. கரிசலில் விளையும் பயிருக்காகக் கோவில்பட்டியில் 1901இலேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் கண்டார்கள். விதைக்குக் காட்டிய அக்கறையில் கால்பங்கைக் கரிசலில் குடியிருக்கும் மனிதனின் வீட்டுக்குக் காட்டியதுண்டா?

விற்பனை நடக்கும் விதத்தைப் பாருங்கள். வெடிப்பில் சிமெண்டைத் திணித்து, பட்டி பார்த்து, பளபளவென்று பெயிண்ட் அடித்து, மாசியிலோ பங்குனியிலோ வீட்டைக் காட்டுகிறார்கள். வாங்க வருகிறவர் யார்? தீப்பெட்டி ஆலையில் கைதேய உழைத்தவர். சீட்டுப் பிடித்து, நகையை அடகு வைத்து, மிச்சத்துக்கு வங்கிக் கடன் எழுதிக் கொடுத்தவர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களை மழை மூழ்கடித்தபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அன்று நீரில் நின்ற வீடுகள் கைமாறும்போது, எத்தனை பத்திரத்தில் அந்த வெள்ளத்தின் பேச்சு இருக்கும்?

பூசணம் அழகுக் குறை மட்டுமன்று. ஓதமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு மூச்சு நோய்களும் ஆஸ்துமாவும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டு நூலில் கூறியது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், பூசணம் பிடித்த வாடகை வீட்டில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. பூசணமே காரணம் என்று 2022இல் விசாரணை அதிகாரி தீர்ப்புரைத்தார், நாடே குலுங்கியது, அக்குழந்தையின் பெயரால் 'அவாப் சட்டம்' பிறந்து, 2025 அக்டோபரில் சமூக வாடகை வீடுகளுக்கு நடைமுறைக்கு வந்தது. கலிபோர்னியாவிலோ வீடு விற்பவர் நிரப்பித் தரும் படிவத்திலேயே பூஞ்சையும் ஒரு வினா.

நம்மிடம் சட்டமே இல்லையா? இருக்கிறது! 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, தனக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத பெருங்குறையை விற்பவர் சொல்லியே தீர வேண்டும் என்கிறது. சொல்லாமல் விடுவதை மோசடி என்றே பெயரிட்டு அழைக்கிறது. பிறகு ஏன் ஒருவரும் அசையவில்லை? 'எனக்குத் தெரியாதே' என்ற ஒரு சொல் போதும், அந்தப் பிரிவு மூச்சடங்கிவிடும். தெரியும் என்று மெய்ப்பிக்க வேண்டியவர் கடன்பட்டு வீடு வாங்கிய ஏழை. மாறான ஒப்பந்தம் இல்லாதபோதே அப்பிரிவு செல்லும் என்பதால், 'உள்ளது உள்ளபடி' என்று பத்திரத்தில் ஒரு வரி நுழைத்தும் அதன் கையைக் கட்டப் பார்ப்பார்கள். 2016இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், கட்டுமானக் குறைக்கு ஐந்தாண்டுப் பொறுப்பைக் கட்டி விற்பவர் தலையில் வைத்தது, நல்லதுதான். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையில் எழுகிற வீடு அதில் பதிவாக வேண்டியதில்லை. ஒருவர் குடியிருந்து இன்னொருவருக்கு விற்கிற பழைய வீடும் அதன் வலையில் விழாது. நம் ஊரில் கைமாறுவதெல்லாம் பெரும்பாலும் இவைதாமே!

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. கிரயப் பத்திரத்தோடு ஒரு தாள். அதில் விற்பவர் கையெழுத்திட்டுச் சொல்லட்டும்: எவ்வகை அஸ்திவாரம், சுவரில் வெடிப்பு உண்டா, ஓதமோ பூசணமோ கண்டதுண்டா, வெள்ளம் புகுந்ததுண்டா, கடைசியாக எப்போது எதைப் பூசி மறைத்தார். எழுத்தில் பொய் சொன்னால், 'தெரியாது' என்ற சாக்கு செத்தது. பதிவின்போது முத்திரைத் தீர்வை, மாற்று வரி, பதிவுக் கட்டணம் என்று நூற்றுக்கு ஒன்பது வாங்குகிற அரசு, 20 இலட்சம் ரூபாய் வீட்டுக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம் பெறுகிற அரசு, அந்த ஒரு தாளைச் சேர்த்து வாங்கக் கூடாதா?

'இன்னொரு சான்றிதழ், இன்னொரு லஞ்சம்' என்பார்கள். நியாயமான அச்சம்தான். அதனால்தான் ஆய்வாளர் வேண்டாம், முத்திரை வேண்டாம், விற்பவரின் சொல்லே போதும் என்கிறோம். 'விற்கிறவனும் ஏழைதானே, மகள் கல்யாணத்துக்காக விற்கிறான், விலை குறையுமே' என்று நம்மவரே கேட்பார்கள். குறையும். ஆனால் அந்தக் குறைவு இன்றும் இருக்கிறது. அதை அறியாமல் முழு விலை கொடுத்தவர் தலையில் இருக்கிறது. இரண்டு ஏழைகளுக்கு நடுவே ஒருவரை இருட்டில் நிறுத்துவது இரக்கமாகாது. அரசே கட்டி ஒப்படைக்கும் வீட்டுக்கும் இத்தாள் வேண்டும். சென்னைப் புளியந்தோப்புக் கே.பி.பார்க் குடியிருப்பில் 2021 ஆகஸ்டில் தொட்ட இடமெல்லாம் பூச்சு உதிர்ந்ததை நாடு பார்த்ததல்லவா?

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் எவரேனும் அச்சாரம் கொடுக்கப் புறப்பட்டால் உடன் செல்லுங்கள். கொத்தனார் ஒருவரை அழைத்துக்கொண்டு, இயன்றால் மழைக்காலத்தில், அலமாரியை நகர்த்திச் சுவரைத் தட்டிப் பாருங்கள். பத்திரம் எழுதுபவரிடம், 'யாதொரு வில்லங்கமும் இல்லை' என்ற வழக்கமான வரிக்குக் கீழே சுவரைப் பற்றியும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் விற்பவரிடம் காரணம் கேளுங்கள்.