ஆபரேஷனுக்குப் பிறகு மறதி... மயக்க மருந்துதான் காரணமா? மூளைக்குள் நடப்பது என்ன?

"ஆபரேஷனுக்கு முன்னாடி வரைக்கும் நல்லாத்தான் இருந்தார். மயக்க ஊசி போட்டதுல இருந்துதான் ஞாபகம் தப்புது." வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இந்தப் பயத்தால் இடுப்பு எலும்பு முறிந்தவருக்குக்கூட ஆபரேஷனைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. பயத்தில் நியாயம் இருக்கிறதா? கொஞ்சம் இருக்கிறது. ஆனால் மொத்தப் பழியும் மருந்துக்குப் போய்ச் சேர வேண்டியதில்லை.

ஆபரேஷன் நேரம் ஏன் நினைவில் நிற்பதில்லை?

புது நினைவுகள் பதிய மூளையில் முக்கியமான பகுதி ஹிப்போகேம்பஸ். நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சந்திப்புதான் சினாப்ஸ். அதன் வழியாகச் செய்தி வேகமாகத் திரும்பத் திரும்பப் போனால் அந்த இணைப்பு வலுவாகிறது. ஆள் நடக்க நடக்க ஒத்தையடிப் பாதை உருவாகிற மாதிரி. 1973-ல் டிம் பிளிஸ், டெர்ஜே லோமோ இருவரும் முயலின் மூளையில் இதை அளந்து காட்டினார்கள்.

புரோபோஃபால், செவோஃபுளூரேன் போன்ற மயக்க மருந்துகள் 'காபா' என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டுகின்றன. காபாதான் மூளையின் பிரேக். பிரேக் அழுத்திய நிலையில் இணைப்பு வலுவாகாது, நினைவும் பதியாது. இது பக்கவிளைவு இல்லை. மருந்து செய்ய வேண்டிய வேலையில் இதுவும் ஒன்று. கத்தி வைத்த நேரம் நினைவில் இருந்தால்தானே பிரச்சினை!

மருந்து இறங்கிய பிறகும் பாதிப்பு தொடருமா?

சந்தேகம் தொடங்குவது இங்கேதான். எலிகளுக்கு ஒரே ஒரு முறை மயக்க மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வு, 2014-ல் கனடாவின் டொராண்டோவில் இருந்து வெளியானது. மருந்து உடலை விட்டுப் போன பிறகும், ஹிப்போகேம்பஸில் காபாவை ஏற்கும் ஒருவகை ஏற்பிகள் பல நாட்கள் கூடுதலாகவே வேலை செய்தன. எலிகளின் நினைவாற்றலும் குறைந்தது. அந்த ஏற்பியைத் தடுத்ததும் நினைவாற்றல் மீண்டது.

சரி, மனிதர்களில்? பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட 60 வயது தாண்டியவர்களை ஆராய்ந்து 1998-ல் ஒரு சர்வதேச ஆய்வு வெளியானது. ஒரு வாரத்தில் 25.8% பேருக்கு நினைவு, கவனத் தடுமாற்றம் இருந்தது. மூன்று மாதத்தில் அது 9.9% ஆகக் குறைந்தது. ஆபரேஷனே செய்யாதவர்களில் அப்போது 2.8%.

குற்றவாளி மயக்க மருந்து மட்டும்தான் என்றால், முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தால் தப்பித்துவிட வேண்டும். இடுப்பு எலும்பு முறிவு ஆபரேஷனில் இதையே சோதித்தார்கள். 2021-ல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வில் 1,600 நோயாளிகள். முதுகில் ஊசி போட்டவர்களில் 20.5%, முழு மயக்கம் கொடுத்தவர்களில் 19.7% பேருக்கு 'டெலிரியம்' எனும் திடீர் மனக்குழப்பம் வந்தது. பெரிய வித்தியாசமே இல்லை. 'முதுகில் ஊசி போட்டாலும் தூக்க மருந்து கொடுப்பார்களே' என்று கேட்கலாம். அதுவும் கொடுக்காமல் நடந்த சீன ஆய்வு 2022-ல் வெளியானது. முடிவு அதேதான்.

அப்படியென்றால் வேறு காரணங்களையும் பார்க்க வேண்டும். ஆபரேஷனால் உடலில் கிளம்பும் அழற்சி, தொற்று, தூக்கமின்மை, சில வலி மருந்துகள், வீட்டில் யாரும் கவனிக்காமல் ஏற்கெனவே தொடங்கியிருந்த மறதி நோய் எனப் பட்டியல் நீளம்.

குழந்தைகளுக்கு?

3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 3 மணி நேரத்துக்கு மேலோ, பலமுறையோ மயக்க மருந்து கொடுப்பது மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என 2016-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. ஆனால் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக மயக்கம் பெற்றவர்களை 5 வயதில் சோதித்தபோது ஐ.க்யூ.வில் வித்தியாசம் இல்லை. இது 2019-ல் லான்செட் இதழில் வெளியானது.

வீட்டில் என்ன செய்யலாம்?

பெரியவருக்கு முன்பே மறதி இருந்தால், தூக்க மாத்திரை, மதுப் பழக்கம் இருந்தால், மயக்க மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் அவருடைய கண்ணாடியையும் காது மிஷினையும் சீக்கிரம் கொடுங்கள். பழக்கமான முகம் பக்கத்தில் இருக்கட்டும், ராத்திரி தூங்க விடுங்கள். குழப்பத்தைத் தடுக்க இவை உதவும். அப்படியும் ஆள் தெரியாமல் பேசினால் 'மயக்கம் தெளியலை போல' என்று விட்டுவிடாமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். தொற்றோ, ஆக்சிஜன் குறைவோ காரணமாக இருக்கலாம்.